ஆர்டர் ஏறுதா, இறங்குதா? பனியன் கம்பெனி தேவையையும் ஆபத்தையும் கணக்குப் போடும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி நொடித்துப்போனால் முதலில் சொல்லப்படும் காரணம் "ஆர்டர் இல்லை" என்பதுதான். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஆர்டர் நிறைய இருந்த காலத்தில் வாங்கிப்போட்ட நூலும், இன்னும் வரும் என்று நம்பிப் போட்ட மெஷின்களின் தவணையும்தான் பல இடங்களில் ஆளைச் சாய்த்திருக்கும். ஆர்டர் கூடுமா குறையுமா என்று மட்டும் யோசிப்பதால் அதிகம் பயனில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு பணத்தை இறக்கப் போகிறோம், அன்றைக்கு ஆர்டரைப் பற்றி நம் கையில் உறுதியாக என்ன இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கீழே சொல்வது 40 முதல் 100 மெஷின் வரை ஓட்டும் யூனிட்டுக்குப் பொருந்தும். எக்செல் தெரிந்த ஒருவரும், மாதத்தில் ஒரு அரை நாளும் போதும். எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்கான உதாரணம். உங்கள் கம்பெனி எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷிப்மென்ட்டை எண்ணாதீர்கள்

தேவை எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் எடுத்துக் காட்டுவது ஷிப்மென்ட் கணக்கை. இந்த மாதம் கிளம்பிய சரக்கு மூன்று நான்கு மாதத்துக்கு முன்பு பையர் (சரக்கை வாங்கும் நிறுவனம்) எடுத்த முடிவு. அது இன்றைய நிலவரத்தைச் சொல்லாது. தவிர, உங்கள் யூனிட்டால் மாதம் 45,000 பீஸ்தான் தைக்க முடியும் என்றால், வந்து கேட்டது 60,000 ஆனாலும் ஷிப்மென்ட் கணக்கில் 45,000தான் தெரியும்.

எண்ண வேண்டியது ஆர்டர் வந்த தேதியை. எக்செல் ஷீட்டின் ஒவ்வொரு வரியிலும் பி.ஓ. (பையர் எழுத்தில் தரும் ஆர்டர்) தேதி, பையர், சரக்கு எந்த நாட்டுக் கடைக்குப் போகிறது, ஸ்டைல், பீஸ், விலை, எந்த நாணயம், கிளம்ப வேண்டிய தேதி, நூல் கவுண்ட் (நூலின் தடிமன் அளவு), தேவைப்படும் கிலோ ஆகியவை இருக்க வேண்டும். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஷீட் வேண்டும்: கைவிட்டுப் போன ஆர்டர்கள். விலை படியவில்லையா, தேதி ஒத்துவரவில்லையா, அளவு போதவில்லையா, சாம்பிள் தேறவில்லையா என்று ஒரு சொல்லில் காரணம் எழுதினால் போதும். இந்த ஷீட்டை யாரும் வைத்திருப்பதில்லை. ஆனால் நிலவரம் மாறுவது முதலில் தெரிவது இங்கேதான். தேதிக்காகப் போன ஆர்டர்கள் கூடினால் ஊரில் தேவை இருக்கிறது, உங்களிடம் இடமில்லை. விலைக்காகப் போனவை கூடினால் வேறெங்கோ யாரோ மலிவாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பீஸ் எண்ணிக்கையும் ஏமாற்றும். ஒரு சாதாரண டி-ஷர்ட் 8 நிமிட வேலை என்றால் ஹூடி 25 நிமிடம் எடுக்கும். எல்லாவற்றையும் தையல் நிமிடமாக மாற்றுங்கள். 60 மெஷின், ஒரு ஷிப்ட் 480 நிமிடம், தையல் லைன் திறன் 50 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 14,400 நிமிடம், 25 நாளில் 3,60,000 நிமிடம். அதில் டி-ஷர்ட் 45,000 வரும், ஹூடி 14,400தான். பையர் டி-ஷர்ட்டிலிருந்து ஹூடிக்கு மாறினால் பீஸ் கணக்கில் தேவை விழுந்ததுபோல் தெரியும், லைனோ நிரம்பி வழியும்.

என்கொயரிக்கு எடை போடுவது

பி.ஓ. கைக்கு வரும்வரை காத்திருந்தால் நூல் வாங்கத் தாமதமாகிவிடும். மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கையாளும் ஊழியர்) சொல்வதை எல்லாம் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டால் குடோன் நிறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க, ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து எடை போட வேண்டும். எடை எங்கிருந்து வரும்? உங்கள் கடந்த 12 முதல் 18 மாத என்கொயரிகளை (பையர்களின் விசாரிப்புகளை) எடுத்து, ஒவ்வொரு படியிலிருந்தும் எவ்வளவு பீஸ் கடைசியில் ஷிப்மென்ட் ஆனது என்று எண்ணினால் வந்துவிடும். பக்கத்துக் கம்பெனி எண் உதவாது.

பிப்ரவரியில் கிளம்ப வேண்டிய சரக்குக்கு நவம்பர் தொடக்கத்தில் நிலவரம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

| படி | பீஸ் | எடை | கணக்கில் வருவது |
|---|---|---|---|
| என்கொயரி மட்டும் | 80,000 | 10% | 8,000 |
| சாம்பிள் போயிருக்கிறது | 40,000 | 30% | 12,000 |
| விலை முடிந்தது, பி.ஓ. வரவில்லை | 20,000 | 70% | 14,000 |
| பி.ஓ. கையில் | 15,000 | 95% | 14,250 |

மொத்தம் 1,55,000 பீஸ் பேச்சில் இருக்கிறது. எடை போட்டால் 48,250. பி.ஓ.வுக்கே 95 சதவீதம்தான் போட்டிருப்பதைக் கவனியுங்கள். 2020 மார்ச்சில் பி.ஓ. கையில் இருந்தும் ரத்தான ஆர்டர்களைப் பார்த்த ஊர் இது.

இந்த 48,250ஐ அப்படியே நம்பிவிடவும் கூடாது. சாம்பிள் வரியில் உள்ள 40,000மும் ஒரே பையருடையது என்றால் நிஜத்தில் வரப்போவது 40,000 அல்லது பூஜ்யம். 12,000 என்றைக்கும் வராது. அதனால் மூன்று எண் எழுதுங்கள். கடைசி இரண்டு வரியை மட்டும் கூட்டினால் கீழ் அளவு 28,250. எடை போட்ட மொத்தம் நடு அளவு. என்கொயரியைத் தவிர்த்து எல்லாமே வந்துவிட்டால் மேல் அளவு 75,000. உங்கள் கொள்ளளவு 45,000 என்பதால் மேல் அளவில் 30,000 பீஸ் வெளியே ஜாப்வொர்க்குக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் வேறு யூனிட்டுக்கு) போக வேண்டியிருக்கும். அதற்கு ஆள் இருக்கிறதா என்று இப்போதே ஒரு போன் போட்டுக் கேட்டு வைக்கலாம், செலவில்லை.

இதில் அடிக்கடி நேரும் பிழை இரட்டை எண்ணிக்கை. ஐரோப்பிய பையர் ஒருவர் ஒரே டிசைனை மூன்று பையிங் ஹவுஸிடம் (பையருக்காகச் சரக்கு வாங்கித்தரும் ஏஜென்சி) கொடுத்திருப்பார். மூன்று பேரும் உங்களிடமே விலை கேட்பார்கள். அளவுப் பட்டியல், ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), கலர் எண்ணிக்கை, டெலிவரி வாரம் நான்கும் ஒத்துப்போனால் அது ஒரே ஆர்டர். பையிங் ஹவுஸ் பெயரை வைத்து எண்ணாமல் இந்த நான்கையும் வைத்து எண்ணுங்கள். ஊரே பரபரப்பாக இருக்கும் சீசனில் இது கட்டாயம்.

கூடிய தேவை தங்குமா?

என்கொயரி திடீரென்று கூடினால் சந்தோஷப்படுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். நிலைக்காத ஏற்றம் பெரும்பாலும் நான்கு வழியில் வருகிறது.

முதலாவது, அடுத்தவர் சிக்கல். 2024 ஜூலை, ஆகஸ்டில் வங்கதேசத்தில் போராட்டமும் ஆட்சி மாற்றமும் வந்து ஆலைகள் மூடிக்கிடந்தபோது இங்கே என்கொயரி கூடியது. அப்படி வருபவர் அவசரத்துக்கு வருபவர். அங்கே கூலி குறைவு, ஐரோப்பாவில் தீர்வை இல்லை என்ற இரண்டும் மாறாதவரை நிலைமை சீரானதும் திரும்பிப் போவார். அந்த ஆர்டரை எடுக்கலாம், அதை நம்பி மெஷின் வாங்கக் கூடாது.

இரண்டாவது அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் சுமார் இரண்டு வாரம் நீண்டது. கடையில் சரக்கு அதே தேதிக்கு வேண்டும் என்றால் பையர் இரண்டு வாரம் முன்கூட்டியே ஆர்டர் போட வேண்டும். அந்த ஒரு முறை மட்டும் உங்கள் ஆர்டர் புத்தகம் வீங்கும். கடையில் விற்பனை ஒரு பீஸ்கூடக் கூடியிருக்காது. கப்பல் பழைய வழிக்குத் திரும்பும்போது இதற்கு நேர்மாறாக இரண்டு வாரப் பள்ளம் ஒன்று வரும், அதையும் தேவை சரிந்ததாக எண்ணிப் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, விலை ஏறும் என்ற பயம். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி, அதாவது சுமார் 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. அப்படி ஏறும்போது எல்லோரும் முன்கூட்டியே வாங்குவார்கள், இறங்கத் தொடங்கியதும் எல்லோரும் நிறுத்துவார்கள். உச்சத்தில் நூல் வாங்கிப்போட்டவர்களுக்கு, விலை இறங்கி ஆர்டரும் நின்ற அந்த ஆண்டின் பிற்பகுதி மறக்காது.

நான்காவது வரி மாற்றம். அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 7 முதல் கூடுதலாக 25 சதவீதமும், ஆகஸ்ட் 27 முதல் அதை 50 சதவீதமாகவும் ஆக்கியது. தேதி முன்பே தெரிந்தால் அதற்குள் சரக்கை இறக்கிவிடப் பையர் அவசரப்படுவார். அந்த அவசரம் அடுத்த சீசன் ஆர்டரை முன்கூட்டியே தின்றுவிடுகிறது. உள்நாட்டில் இதற்கு எதிர்ப்பக்கம் உண்டு. ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிவிப்பு வந்து, செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம் ஆனது. இடையில் உள்ள ஐந்து வாரத்தில் அதுவரை கூடுதல் வரி இருந்த 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வாங்குவதைக் கடைக்காரர் தள்ளிப்போடுவது இயல்பு. தள்ளிப்போன ஆர்டரையும் போயே போன ஆர்டரையும் ஷீட்டில் ஒரே நெடுவரிசையில் எழுதாதீர்கள்.

எதோடு எதை ஒப்பிடுவது

ஏற்றுமதிக்கு இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுவது வீண். போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதக் கூட்டலாக எடுங்கள். ஒரு பெரிய பி.ஓ. 31ஆம் தேதி வருவதா 1ஆம் தேதி வருவதா என்பதால் ஏற்படும் ஆட்டம் அதில் அடங்கிவிடும்.

உள்நாட்டுச் சரக்குக்கு மாதக் கணக்கே தப்பு. தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. இப்படி நகரும்போது செப்டம்பரைச் செப்டம்பரோடு ஒப்பிட்டால் 2026இல் விற்பனை படுத்துவிட்டதுபோல் தெரியும். தீபாவளிக்கு 12 வாரம் முன், 11 வாரம் முன் என்று பின்னோக்கி எண்ணி வாரத்தை வாரத்தோடு ஒப்பிடுங்கள். டீலர் எடுத்த சரக்கோடு கடைக்காரர் விற்ற சரக்கையும் கேளுங்கள். டீலர் குடோனில் ஏறிய சரக்கு விற்றதாகாது. பத்துக் கடையில் வாரம் ஒரு முறை எந்த சைஸ் தீர்ந்தது என்று கேட்டாலே டீலர் சொல்வதைவிடச் சரியாகத் தெரிந்துவிடும்.

எத்தனை பீஸில் நட்டம் தொடங்குகிறது

வாடகை, சூப்பர்வைசர், அலுவலகச் சம்பளம், வட்டி, மெஷின் தவணை எல்லாம் சேர்ந்து நிலைச் செலவு மாதம் 6 லட்சம் என்று வையுங்கள். டி-ஷர்ட் விலை 180 ரூபாய். நூல், நிட்டிங், சாயம், பீஸ் ரேட் தையல் கூலி, அயனிங், பேக்கிங், லாரி எல்லாம் போக 20 ரூபாய் மிஞ்சுகிறது. 6,00,000ஐ 20ஆல் வகுத்தால் 30,000 பீஸ். லாபமும் நட்டமும் இல்லாத சமநிலை இது. மேலே போட்ட கீழ் அளவு 28,250 இதற்குக் கீழே நிற்கிறது என்பதை இப்போது பாருங்கள்.

இனி இரண்டு அடியைச் சோதியுங்கள். நூல் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால்? 180 ஜி.எஸ்.எம். டி-ஷர்ட்டுக்குப் பிராசஸ் லாஸும் கட்டிங் வேஸ்ட்டும் சேர்த்துச் சுமார் 240 கிராம் நூல் போகும். பீஸுக்கு 4.80 ரூபாய். மிச்சம் 15.20 ஆகிறது, சமநிலை 39,474 பீஸாக ஏறுகிறது. கொள்ளளவில் 67 சதவீதம் ஓடினால் போதும் என்றிருந்த கம்பெனி இனி 88 சதவீதம் ஓட வேண்டும். நூல் விலையை ஆலைகள் மாதத்தின் முதல் தேதியை ஒட்டி அறிவிப்பதால் இந்தக் கணக்கை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது அடி தள்ளுபடி. அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான தீர்வையே 16.5 சதவீதம். 2 டாலர் பீஸுக்கு 33 சென்ட். அதன்மேல் 50 சதவீதம் ஏறியபோது 1.33 டாலர் ஆனது. பையர் "10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். கேட்கச் சின்னதாக இருக்கும். 180 ரூபாயில் 18 போனால் மிச்சம் 2 ரூபாய். சமநிலைக்கு 3,00,000 பீஸ் வேண்டும், உங்கள் கொள்ளளவோ 45,000. ஆளைக் கலைக்காமல் இருக்க இரண்டு மாதம் அப்படி ஓட்டலாம். ஆனால் அது லாபத்துக்கான ஆர்டர் இல்லை, லைனைப் பிடித்து வைத்திருப்பதற்கான செலவு என்று எழுதிவைத்து, முடியும் தேதியையும் போட்டுவிடுங்கள்.

தேவை கூடுவதும் ஒரு ஆபத்துதான். மாதம் 10,000 பீஸ் கூடுதலாகப் போட்டால் பீஸுக்கு 160 வீதம் 16 லட்சம் உள்ளே போகும். நூல் வாங்கிய நாளிலிருந்து பையர் பணம் வரும்வரை நான்கு மாதம் என்றால் 64 லட்சம் முடங்கும். கூலி சனிக்கிழமைதோறும் கொடுக்க வேண்டும், பையர் 60 அல்லது 90 நாள் கழித்துத்தான் தருவார். பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) வரம்பை உயர்த்தாமல் ஆர்டரை உயர்த்துபவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்.

சரக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது

ஆர்டர் ரத்தானால் எவ்வளவு போகும் என்பது பீஸ் எண்ணிக்கையைவிடச் சரக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோனில் இருக்கும் நூல் வேறு ஆர்டருக்கு ஆகும், விலை வித்தியாசம் மட்டுமே நட்டம். கிரே துணியும் (சாயம் ஏற்றாத துணி) ஓரளவு மாற்றிக்கொள்ளத்தக்கதே. சாயம் ஏறியதும் கதை வேறு: பையர் கேட்ட அந்தப் பச்சை இன்னொருவருக்கு வேண்டாம், கருப்பில் மறுசாயம் போட்டுத்தான் மீட்க வேண்டும். பிரின்ட் அடித்து லேபிள் தைத்துவிட்டால் மிஞ்சுவது காதர்பேட்டைச் சந்தையில் கிடைக்கும் ஸ்டாக் லாட் (மீந்த சரக்கு) விலை. அதுவும் பிராண்டு லேபிளை வெட்டி எடுக்கச் சொல்லிப் பையர் பி.ஓ.வில் எழுதியிருப்பார்.

எனவே வாரந்தோறும் ஒவ்வொரு ஆர்டருக்கும் நூல், கிரே, சாயத் துணி, தைத்தது என்று நான்கு நெடுவரிசையில் ரூபாயை எழுதுங்கள். சாயத்தைத் தாண்டிய பணம் எந்த ஒரு பையரிடமும் உங்கள் இரண்டு மாத நிலைச் செலவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம், மேலே உள்ள உதாரணத்தில் 12 லட்சம். பி.ஓ. வராத ஆர்டருக்கு நூல் வரை போகலாம். சாயப்பட்டறைக்கு அனுப்புவது லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதலும் பி.ஓ.வும் வந்த பிறகுதான். "பி.ஓ. நாளைக்கு வந்துவிடும்" என்ற போன் பேச்சு இந்த விதிக்கு விலக்கு ஆகாது. குறைந்தபட்சம் அளவும் தேதியும் போட்ட ஒரு மெயில் வாங்குங்கள்.

சாயப்பட்டறையே ஒரு ஆபத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஆர்டர் இருந்தும் துணி வரவில்லை. ஒரே பட்டறையை நம்பியிருந்தால் ஷேடு ஒத்துப்போகும் இன்னொன்றில் ஆண்டுக்கு இரண்டு சிறு லாட்டாவது போட்டுப் பார்த்து வையுங்கள். நெருக்கடியில் புதிதாகப் போனால் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பணம் வராத ஆபத்து

ஏற்றுமதிக்கு இ.சி.ஜி.சி. (மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி பையர் திவாலானாலும், நீண்ட நாள் பணம் தராவிட்டாலும் கைகொடுக்கும். ஆனால் பையருக்கான கிரெடிட் லிமிட்டை முன்பே வாங்கியிருக்க வேண்டும், லிமிட்டுக்கு மேல் அனுப்பியது உங்கள் பொறுப்பு. தரம் சரியில்லை என்று பையர் தகராறு செய்தால் எளிதில் கிளைம் கிடைக்காது, அவர் நாட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கச் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் இறுதி இன்ஸ்பெக்ஷன் அறிக்கையில் பையர் தரப்புக் கையெழுத்தை வாங்கி வையுங்கள். தேவை சுருங்கும் காலத்தில் "தரம் சரியில்லை" என்ற புகார் கூடுவது தற்செயல் இல்லை.

உள்நாட்டுக்கு உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) முக்கியம். குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தராவிட்டால் வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் தரும் ஆண்டின் வருமான வரியில்தான் கழிக்க முடியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

டாலர் விலையை வங்கியோடு முன்கூட்டியே முடிவுசெய்யும் ஃபார்வர்டு காண்ட்ராக்ட்டைப் பி.ஓ. உள்ள தொகைக்கு மட்டும் போடுங்கள். என்கொயரியை நம்பிப் போட்டு ஆர்டர் வராவிட்டால் காண்ட்ராக்ட்டை ரத்து செய்யும் செலவும் சேரும்.

உங்கள் கணிப்பு எவ்வளவு தப்பும்

மூன்று மாதத்துக்கு 40,000, 42,000, 38,000 என்று கணித்தீர்கள். வந்தது 34,000, 44,000, 31,000. ஒவ்வொரு மாதத் தவறையும் கூட்டினால் 15,000, வந்த மொத்தம் 1,09,000. தவறு சுமார் 14 சதவீதம். இதைவிட முக்கியம் சாய்வு: கணித்தது 1,20,000, வந்ததைவிட 11,000 அதிகம். மூன்றில் இரண்டு மாதம் மிகைப்படுத்தியிருக்கிறீர்கள். இது இரண்டு காலாண்டு தொடர்ந்தால் எடைகளைக் குறையுங்கள், பெரும்பாலும் சாம்பிள் வரியின் எடைதான் கூடுதலாக இருக்கும். யாருடைய என்கொயரி அதிகம் பொய்க்கிறது என்று பையர்வாரியாகப் பிரித்தால் எடையைப் பொதுவாகப் போடாமல் ஆளுக்கு ஏற்பப் போடலாம்.

தவறு 14 சதவீதம் என்றால் நடு அளவில் 14 சதவீதத்தைக் கழித்த அளவுக்கு மட்டும் நூல் உறுதி செய்யுங்கள், மீதியை இரண்டாவது லாட்டாக வாங்குங்கள். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடக் கொடுக்க நேரலாம். மெஷினுக்கு இன்னும் கறாரான விதி வேண்டும்: கீழ் அளவே ஆறு மாதம் தொடர்ந்து கொள்ளளவைத் தாண்டினால் மட்டும் வாங்குவது, அதுவரை இரவு ஷிப்ட், ஜாப்வொர்க், வாடகை மெஷின் என்ற வரிசையில் சமாளிப்பது.